குறை விந்தணுவிலா, ஸ்லைடிலா?

வாசகர் கேள்வி–பதில்

செமன் டெஸ்டில் (விந்துப் பரிசோதனையில்) விந்தணுவின் வடிவம் பார்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி வட்டாரத்து லேப்களிலிருந்துதான் நிறைய வந்திருக்கின்றன. வீட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்றுக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: என் மகனுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. செமன் டெஸ்டில் ‘நார்மல் 2 சதவீதம், அப்நார்மல் 98 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. பிள்ளை கூட்டிக்கொள்ளலாம் (தத்து எடுக்கலாம்) என்று உறவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 98 சதவீதம் கோளாறு என்றால் வழியே இல்லையா? – ஒரு தாயார், கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, அந்த 98-ஐப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். மனித விந்தில் பெரும்பாலான அணுக்கள் வடிவம் கோணியவைதான். குழந்தை பெற்ற ஆண்களுக்கும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் செமன் பரிசோதனைக் கையேட்டில் 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பும் 2021-இல் வந்த ஆறாம் பதிப்பும் கீழ் வரம்பாகச் சொல்வது 4 சதவீதம். முயற்சி தொடங்கி 12 மாதத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் கணக்கை எடுத்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே பிரிகிறார்கள் என்று பார்த்துப் போட்ட கோடு அது. ஆக, வரம்புக்குள் இருப்பவருக்கும் ரிப்போர்ட்டில் ‘96 அப்நார்மல்’ வரை இருக்கலாம். 1992-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதே வரம்பு 30 சதவீதமாக இருந்தது. பிறகு ‘நார்மல்’ என்று ஒத்துக்கொள்ளும் அளவுகோலைக் கறாராக்கிவிட்டார்கள். அதனால் பெரியவர்களின் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்து ஒப்பிடாதீர்கள்.

இன்னொன்று. லேப்பில் எண்ணுவது 200 விந்தணு. 2 சதவீதம் என்றால் நல்லது நான்கு, 4 சதவீதம் என்றால் எட்டு. வித்தியாசமே நான்கு அணுதான். 200-இல் நான்கு என்று வந்தால், எண்ணிக்கைத் தற்செயலை மட்டும் கணக்கில் எடுத்தாலே உண்மையான அளவு அரை சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். ஸ்மியர் (ஸ்லைடில் விந்தைப் பரப்பிய படலம்) கெட்டியாக இழுக்கப்பட்டிருந்தாலோ, ஸ்டெயின் (சாயம்) சரியாகப் பிடிக்காமல் போயிருந்தாலோ நல்ல அணுவும் கெட்டதாகத் தெரியும்.

உங்கள் மகன் லேப்பில் மூன்று விஷயம் கேட்கட்டும்: எந்த ஸ்டெயின், எத்தனை அணு எண்ணினார்கள், எந்தப் பதிப்பின் அளவுகோல். பிறகு இன்னொரு முறை சாம்பிள் கொடுக்கட்டும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். நடுவில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அது முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது நல்லது. எண்ணிக்கையும் ஓட்டமும் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். மருமகளுக்கும் அதே சமயத்தில் பரிசோதனை நடக்கட்டும். பிள்ளை கூட்டுவது குடும்பம் விருப்பப்பட்டுச் செய்வது. இந்த ஒரு தாளை வைத்துச் செய்வதல்ல.

கேள்வி: வடிவம் கெட்ட விந்தணுவால் ஊனமுள்ள குழந்தை பிறக்குமா? – பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: நார்மல் சதவீதம் குறைவு என்பதற்கு அப்படிப் பொருள் இல்லை. அது கருத்தரிக்கும் வாய்ப்பைப் பற்றிய ஒரு குறிப்பு மட்டுமே. எல்லா அணுவுக்கும் ஒரே மாதிரி உருண்டைத் தலை, அல்லது எல்லாமே ராட்சதத் தலை என்று வரும் அபூர்வ நிலைகள் வேறு. அவற்றுக்கு மரபணு ஆலோசனை வேண்டும். ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால் லேப்காரர் தனியாக எழுதியிருப்பார்.

கேள்வி: தேவகோட்டையிலிருந்து காரைக்குடி லேப்புக்கு சாம்பிளை வீட்டிலிருந்தே எடுத்து வரலாமா? லேப்பில் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: லேப்பிலேயே தனி அறையில் கொடுப்பதுதான் முதல் வழி. முடியவே இல்லையென்றால் கொண்டு வரலாம். எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதி, அரை மணிக்குள் ஒப்படைக்கப் பாருங்கள். எப்படியும் ஒரு மணியைத் தாண்டக் கூடாது. டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம். டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 20 முதல் 37 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தாலும் கெடும், ஐஸ் பையில் வைத்தாலும் கெடும். டப்பா லேப் கொடுத்ததாக இருக்கட்டும். சோப்பு, எண்ணெய், எச்சில், கடையில் வாங்கிய ஆணுறை எதுவும் ஆகாது. இரண்டு முதல் ஏழு நாள் விலகி இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதிலும் முதல் பாகம் சிந்தியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விந்தணு அதிகம் இருப்பது அதில்தான்.

கேள்வி: எங்கள் ஸ்மியரில் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, பின்னணியும் கறுத்துப் போகிறது. பிளட் ஸ்மியர் நன்றாக வருகிறது. செமன் மட்டும் வருவதில்லை. – லேப் டெக்னீஷியன், காரைக்குடி

பதில்: தவறு பெரும்பாலும் ஸ்லைடை இழுப்பதற்கு முன்பே நடந்திருக்கும். விந்து முழுதாக நீர்த்ததா என்று முதலில் பாருங்கள். சாதாரணமாக 15 முதல் 30 நிமிடத்தில் நீர்த்துவிடும். ஒரு மணி வரை பொறுக்கலாம். ஜவ்வரிசி போல் கட்டி கட்டியாக இருப்பவை சில சாம்பிளில் கடைசி வரை கரையாது. அதனால் கெடுதல் இல்லை, பிப்பெட்டில் அவை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். டப்பாவைக் குலுக்க வேண்டாம், நுரை வரும். கையில் பிடித்து 15 முதல் 30 விநாடி வட்டமாகச் சுழற்றுங்கள். ஒரு சாம்பிளுக்குக் குறைந்தது இரண்டு ஸ்லைடு போட வேண்டும். இரண்டாவதற்கு எடுக்கும் முன் மறுபடி சுழற்ற வேண்டும். ஒரே பிப்பெட்டில் இரண்டு சொட்டு எடுத்து இரண்டு ஸ்லைடில் வைத்தால் அது இரண்டு சாம்பிள் ஆகாது. இந்த ஒன்றைத்தான் நிறைய லேப்களில் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்லைடு புதியதாக இருந்தாலும் பஞ்சு உதிராத தாளால் துடையுங்கள். பெட்டியிலிருந்து வரும்போதே எண்ணெய்ப் பசையும் தூசியும் இருக்கும். அந்த இடத்தில் விந்து ஒட்டாமல் தீவு தீவாக விலகும், ஸ்டெயின் போடும்போது உரிந்தும் வரும். உறைபனி போன்ற சொரசொரப்பான முனையில் நம்பரையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். பேனாவும் மார்க்கரும் எத்தனாலில் கரைந்து போகும்; யாருடைய ஸ்லைடு என்றே தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

இனி இழுவை. 10 மைக்ரோலிட்டர், 45 டிகிரி சாய்வு, ஒரு விநாடி: இப்படித் தொடங்குங்கள். இழுக்கும் ஸ்லைடு சொட்டைத் தொட்டதும் அது விளிம்பு நெடுகப் பரவட்டும். பிறகு முன்னோக்கி நகர்த்தும்போது விந்து ஸ்லைடுக்குப் பின்னால் இழுபட்டு வர வேண்டும். சொட்டை முன்னால் வைத்துத் தள்ளினால் அணுக்கள் விளிம்பில் நசுங்கும். வேகமாக இழுத்தால் படலம் கெட்டி, மெதுவாக இழுத்தால் மெல்லிசு. பிளட் ஸ்மியர் போட்ட கை படக்கென்று இழுக்கும். உங்கள் கெட்டிப் படலத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். சாய்வைக் குறைத்தாலும் படலம் மெலியும். எண்ணிக்கை அதிகமுள்ள சாம்பிளுக்கு 10-ஐ 5 மைக்ரோலிட்டராகக் குறையுங்கள், தலைகள் ஏறிக்கொள்வது நிற்கும்.

பின்னணி கறுப்பது பிளாஸ்மாவில் (விந்தின் திரவப் பகுதியில்) உள்ள புரதம் சாயம் குடிப்பதால். இழுவையைச் சரிசெய்த பிறகும் கறுப்புப் போகவில்லை, அல்லது சாம்பிள் நூல் நூலாக இழுபடுகிறது, குப்பை நிறைய என்றால் கழுவிப் போடுங்கள். 0.2 முதல் 0.5 மில்லி விந்தை அறை வெப்பத்தில் உள்ள நார்மல் சலைனில் 10 மில்லி வரும்வரை கலந்து, 800 ஜி (புவியீர்ப்பைப் போல் 800 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுற்றுங்கள். மேல் நீரைச் சாய்த்துவிட்டு, அடியில் தங்கிய 20–40 மைக்ரோலிட்டரில் படிவை மெல்லத் தட்டிக் கரையுங்கள். அதில் 5–10 மைக்ரோலிட்டரை ஸ்லைடில் வைத்து, பிப்பெட்டைப் படுக்கை வசமாகப் பிடித்துப் பரப்புங்கள். இதற்கு இழுவை வேண்டாம். கழுவியதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

காற்றில் காய்ந்ததும் அன்றே ஃபிக்ஸ் செய்ய (ஆல்கஹாலில் இறக்கி அணுக்களை நிலைநிறுத்த) வேண்டும். பெண்களின் பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் பரிசோதனை) போட்டுப் பழகியவர்கள் ஈரத்தோடு ஆல்கஹாலில் இறக்கிவிடுவார்கள். செமன் ஸ்மியருக்கு அது ஆகாது. காய்ந்த பிறகுதான் இறக்க வேண்டும்.

கேள்வி: எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள சாம்பிளை 600 ஜி-யில் சுற்றச் சொல்கிறார்கள். எங்கள் சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று மட்டும்தான் இருக்கிறது. 600 சுற்று வைத்தால் ஒன்றுமே படிவதில்லை. – திருப்பத்தூர்

பதில்: 600 சுற்றும் 600 ஜி-யும் ஒன்றல்ல. ரோட்டரின் நடு அச்சிலிருந்து ட்யூபின் அடி வரை உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், ட்யூப் சுற்றும்போது கிடைவாக நிற்கும் நிலையில். வேண்டிய ஜி-யை 0.00001118-ஆலும் அந்தத் தூரத்தாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுற்று எண் வரும். 15 சென்டிமீட்டர் ஆரத்துக்கு 600 ஜி என்பது ஏறக்குறைய 1,890 சுற்று. 800 ஜி என்பது 2,180. ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 600 ஜி-க்கே 2,320 சுற்று வேண்டும். உங்கள் 600 சுற்றில் கிடைப்பது 15 சென்டிமீட்டர் ஆரத்தில் 60 ஜி-தான். கணக்கை ஒரு முறை போட்டு மூடியில் ஒட்டி வைத்துவிடுங்கள்.

மில்லிக்கு 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால்தான் இது தேவை. 10 நிமிடம் சுற்றி, மேல் நீரை எடுத்து, படிவை மெல்லக் கரைத்து ஸ்மியர் போடுங்கள். கரைத்த பிறகு மில்லிக்கு 5 கோடியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மறுபடி நெரிசல்தான். சுற்றுவதே வடிவத்தைக் கொஞ்சம் பாதிக்கலாம் என்பதால் இதையும் ரிப்போர்ட்டில் குறிக்க வேண்டும்.

கேள்வி: பாப்பனிகோலா ஸ்டெயின் முறையை வரிசையாகத் தாருங்கள். எங்களுக்குத் தலை நீலமாக வராமல் செம்மை கலந்த ஊதாவாகவே நிற்கிறது. லேப்பில் ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருக்கிறோம், அதிலேயே எல்லாம் கழுவுகிறோம். – புதுவயல்

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். தலைக்கு நிறம் கொடுக்கும் சாயமான ஹெமடாக்சிலின் அமிலத்தில் செம்மையாக இருக்கும், காரத் தன்மை கிடைத்தால்தான் நீலமாகும். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு அந்தக் காரத்தைக் கொடுக்கிறது. ஆர்.ஓ. மெஷின் அதை எடுத்துவிடுகிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் குடிக்கச் சப்பென்று இருக்கலாம், இந்த வேலைக்கு அதுதான் நல்லது. அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் ஸ்காட் கரைசல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லிட்டர் சுத்த நீரில் 3.5 கிராம் சோடியம் பைகார்பனேட், 20 கிராம் மெக்னீசியம் சல்பேட். இருபது, இருபத்தைந்து ஸ்லைடுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். மதிய நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும்; ஸ்லைடு கழுவக் காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வையுங்கள்.

முறை இது. காய்ந்த ஸ்மியரை 95 சதவீத எத்தனாலில் குறைந்தது 15 நிமிடம் ஃபிக்ஸ் செய்யுங்கள். பிறகு 80 சதவீத எத்தனால், 50 சதவீத எத்தனால், சுத்த நீர், ஒவ்வொன்றிலும் 30 விநாடி. ஹாரிஸ் ஹெமடாக்சிலினில் 4 நிமிடம். சுத்த நீரில் 30 விநாடி. அமில எத்தனாலில் நான்கு முதல் எட்டு முக்கு. ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 5 நிமிடம், நீலமாவது இங்கேதான். திரும்ப 50, 80 சதவீத எத்தனாலில் 30 விநாடி வீதம் ஏறி, 95-இல் குறைந்தது 15 நிமிடம் இருக்கட்டும். ஆரஞ்சு ஜி-6 சாயத்தில் ஒரு நிமிடம், 95 சதவீத எத்தனாலில் 30 விநாடி வீதம் மூன்று ஜார். ஈ.ஏ.-50 சாயத்தில் ஒரு நிமிடம், மறுபடி 95-இல் 30 விநாடி வீதம் இரண்டு ஜார், 100 சதவீத எத்தனாலில் 15 விநாடி வீதம் இரண்டு. கடைசியாக ஜைலீன், டி.பி.எக்ஸ். (ஒட்டும் பசை), கவர் ஸ்லிப்.

இதில் கை தவறும் இடம் அமில எத்தனால். மிகையாக ஏறிய ஹெமடாக்சிலினை உரிப்பது அதன் வேலை. அமிலம் அரை சதவீத அளவே இருக்கும், ஆனாலும் பேச்சு சுவாரசியத்தில் இரண்டு முக்கு கூடினால் தலை வெளுத்துவிடும். முக்கு குறைந்தால் தலை முழுக்க ஒரே கருநீலமாகி, அக்ரோசோம் (தலையின் முன்பகுதி) எங்கே முடிகிறது என்று தெரியாது. குழாய்த் தண்ணீரிலிருந்து எடுத்ததும் ஒரு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் அந்த நிலையிலிருந்தே ஹெமடாக்சிலினுக்குத் திருப்பி அனுப்பலாம், கவர் ஸ்லிப் போட்ட பிறகு அழுது பயனில்லை. ஹெமடாக்சிலின் மேலே பளபளவென்று ஏடு கட்டியிருந்தால் வடிகட்டாமல் ஸ்லைடை இறக்காதீர்கள். அந்த ஏடு உடைந்து அணுக்களின் மேல் கறுப்புத் துணுக்காகப் படியும்.

சரியாக வந்த ஸ்லைடில் தலையின் முன்பகுதியான அக்ரோசோம் வெளிர் நீலமாகவும், பின்பகுதி அடர் நீலமாகவும் தெரியும். தலைக்கும் வாலுக்கும் இடையிலுள்ள நடுத்துண்டில் சற்றுச் செம்மை தட்டலாம். மிச்சமிருக்கும் சைட்டோபிளாசம் (உயிரணுவின் உள்சாறு) இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ தெரியும். இரண்டு நீலமும் பிரிந்து தெரியவில்லை என்றால் எண்ணத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: ராபிட் ஸ்டெயின் கிட் போதாதா? பாப்பனிகோலாவுக்கு அரை நாள் போகிறது.

பதில்: கூட்டம் உள்ள லேப்புக்கு அது உதவும். ஃபிக்ஸேடிவில் 15 விநாடி, முதல் கரைசலில் 10, இரண்டாவதில் 5, பிறகு ஓடும் தண்ணீரில் 10–15 முக்கு. ஒவ்வொரு ஜாரிலிருந்து எடுத்ததும் ஸ்லைடை நிமிர்த்தி உறிஞ்சு தாளில் வடியவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று மற்றதில் கலந்து ஒரு வாரத்தில் கிட் கலங்கிவிடும். பின்னணி சற்றுக் கறுக்கும் என்பதால் மெல்லிய ஸ்மியர் இன்னும் முக்கியம். முக்கியமான எச்சரிக்கை: இதில் தலை பாப்பனிகோலாவில் தெரிவதைவிடப் பெரிதாகத் தெரியும். பாப்பனிகோலாவுக்குச் சொன்ன அளவை வைத்துக்கொண்டு இதில் அளந்தால் நல்ல அணுவுக்கும் ‘பெரிய தலை’ என்று பெயர் வந்துவிடும். இந்த மாதம் இது, அடுத்த மாதம் அது என்று மாற்றுவதுதான் மோசம். ஒரே ஆளின் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிட வழியில்லாமல் போகும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எங்கள் ஸ்லைடுகள் மூட்டம் போட்டது போல் வருகின்றன. ஜைலீனும் பால் மாதிரி ஆகிறது. – கோட்டையூர்

பதில்: ஈரக்காற்று. 100 சதவீத எத்தனால் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும். அது ஸ்லைடோடு ஜைலீனுக்குப் போனால், ஜைலீனும் தண்ணீரும் கலக்காததால் பால் நிறம் வரும். கடைசி எத்தனால் ஜார்களையும் ஜைலீனையும் சேர்த்து மாற்றுங்கள். ஜைலீனை மட்டும் மாற்றினால் அடுத்த ட்ரேயிலேயே திரும்ப வெளுக்கும். ஜாருக்கு மூடி போடுங்கள். ராபிட் கிட்டின் ஃபிக்ஸேடிவில் உள்ள மெத்தனாலுக்கும் இதே குணம் உண்டு. ஸ்மியர் காய நேரமானால் ஹேர் டிரையர், ஸ்பிரிட் விளக்கு எதுவும் காட்ட வேண்டாம், ஏ.சி. அறையில் படுக்கை வசமாக வைத்தால் போதும். பெஞ்சில் திறந்து வைத்தால் ஈயும் எறும்பும் மேய்ந்துவிட்டுப் போகும், கவனம்.

கேள்வி: எண்ணும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது? சந்தேகமானதை நார்மலில் போடலாமா?

பதில்: போடக் கூடாது. விளிம்பில் நிற்பது எல்லாம் அப்நார்மல் என்பதுதான் கறாரான முறையின் அடிப்படை. 100 மடங்கு ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் பாருங்கள். தலையும் வாலும் சேர்ந்துள்ள முழு அணுவை மட்டும் எண்ணுங்கள். தனித் தலை, தனி வால், ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவை, தலை பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடப்பவை கணக்கில் இல்லை. பாப்பனிகோலாவில் நல்ல தலையின் நீளம் சுமார் 4.1 மைக்ரோமீட்டர், அகலம் 2.8, நீளம் 3.7 முதல் 4.7, அகலம் 2.5 முதல் 3.2 வரை போகலாம். கண்ணால் மதிப்பிட வேண்டாம், ஐபீஸில் மைக்ரோமீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். அக்ரோசோம் தலையில் 40 முதல் 70 சதவீதம் பிடித்திருக்க வேண்டும். சிறு குமிழ் இரண்டுக்கு மேல் கூடாது, பின்பகுதியில் ஒன்றும் கூடாது. மிச்ச சைட்டோபிளாசம் தலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் குறை. வால் சுமார் 45 மைக்ரோமீட்டர், நடுத்துண்டைவிட மெல்லிசு.

வால் சுருண்டவை ஒரு ஸ்லைடில் திடீரென்று நிறைய வந்தால் ஆளைச் சொல்லும் முன் சாம்பிள் எவ்வளவு நேரம் கிடந்தது, எங்காவது வெறும் தண்ணீர் பட்டதா என்று விசாரியுங்கள். உப்பு குறைந்த நீர் பட்டால் வால் வீங்கிச் சுருளும்.

இரண்டு ஸ்லைடிலும் தனித்தனியே 200 எண்ணுங்கள். ஒன்றில் 3 சதவீதம், மற்றதில் 5 என்றால் சராசரி 4 என்று கொடுக்கலாம். 3, 9 என்று வந்தால் சராசரி போட்டு அனுப்பாதீர்கள். இரண்டையும் மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் அதே நிலை என்றால் புது ஸ்மியர்.

கேள்வி: பழைய ஸ்லைடைக் கழுவித் திரும்ப உபயோகிக்கலாமா? – சிங்கம்புணரி

பதில்: வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் கீறலும் பசையும் நிற்கும். போன ஆளின் ஒட்டிய தலை ஒன்றிரண்டு இந்த ஆளின் கணக்கில் வரும். எண்ணி முடித்த ஸ்லைடை உடனே தூக்கிப் போடாமல், ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கப் பெட்டியில் வைத்திருங்கள். கழிக்கும்போது கையுறையோடு, குத்தினால் துளைபடாத நீலப் பெட்டியில் போடுங்கள்.